யாருக்கு, எதற்கு?

புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. நன்றி சொல்லும் முன், யார் என்ன செய்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் பொம்மையைப் போட்டு ‘அனைவருக்கும் நன்றி’ என்று தட்டிவிடுவது ஒரு நொடி வேலை. ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்தவருக்கும், அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவருக்கும் அதில் சம பங்கு. உழைத்தவருக்கு மனசு விட்டுப்போவது அங்கேதான்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மழைக்காலத்தில் லைன்மேன் ஒருவர், யாரும் சொல்லாமலே, டிரான்ஸ்ஃபார்மர் மேல் சாய்ந்திருந்த புங்கமரக் கிளையைக் கழித்துவிட்டுப் போயிருப்பார். அன்று ராத்திரி காற்றடித்தும் ஊரில் விளக்கு அணையாது. அணையாத விளக்கை யார் கவனிக்கிறார்கள்? மேலதிகாரிதான் கவனிக்க வேண்டும். “நீங்க அந்தக் கிளையைக் கழிச்சதாலதான் லைன் தப்பிச்சுது” என்று நாலு பேர் முன்னால் சொல்லிப் பாருங்கள். அடுத்த மழைக்கு முன் அவர் தெருத்தெருவாகப் பார்த்துவிட்டு வருவார். “நல்லா வேலை செய்றீங்க” என்ற பொத்தாம்பொதுவான பாராட்டுக்கு அந்தப் பலன் கிடையாது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து போன ஊழியர்கள் வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். தென்னையெல்லாம் சாய்ந்து, வீட்டுக் கூரையும் போன ஜனங்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். டெல்டாவில் மாலையும் மேடையும் இல்லாமல் சொன்ன நன்றி அது. வீட்டிலும் குறிப்பிட்டுச் சொல்லும் பாராட்டுக்குத்தான் மதிப்பு. “சாப்பாடு நல்லா இருக்கு” என்பதைவிட “கத்தரிக்காய் குழையாம இருக்கே” என்று சொன்னால்தான் சமைத்தவருக்கு நாம் ருசித்துத் தின்றது தெரியும்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு இன்னொரு கடமை கூடுதலாக உண்டு. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் போய் நின்றபோது, “நீங்கள் போய்ப் பேசுங்கள்” என்று கலாமை அனுப்பிவைத்தார் தவான். கலாம் இதைப் பல மேடைகளில் சொன்னார். என் கணக்கில், தவான் தன் ஆட்களுக்குச் சொன்ன நன்றி இரண்டாவது நாளில் சொன்னதல்ல, முதல் நாளே சொன்னது. ஜெயித்த பிறகு பாராட்டுவது யாருக்கும் கைவரும்.

பென்னிகுவிக் விஷயத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பொறியாளர் அவர். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் வீடுகளில் அவர் படம் மாட்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள், லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். நூறு வருஷம் தாண்டியும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியை மறக்காத ஜனங்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் காட்டில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன கூலிக்காரர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மேலே இருப்பவர் பெயர் தானாகவே நிலைத்துவிடும். கீழே இருப்பவர் பெயரை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. அதனால்தான் வேலை முடிந்ததும் அறிக்கையில் ஒப்பந்தத் தொழிலாளி வரை பெயர் போட்டு எழுதச் சொல்கிறேன்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஓவர்டைம் காசு கொடுக்க மனசில்லாத முதலாளிகள் சிலர் நன்றியை நன்றாகவே சொல்லக் கற்றிருக்கிறார்கள். பாராட்டுச் சான்றிதழை மளிகைக் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். உங்கள் அலுவலகத்தைக் காலையில் பெருக்குகிறவர் பெயர் தெரியாவிட்டால் நாளைக்கே கேளுங்கள். அப்படியே, போன மாதச் சம்பளம் அவர் கைக்கு முழுசாக வந்ததா என்றும் கேட்டுவிடுங்கள்.