ஆறாம் அடுக்கின் கணக்கு

ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டில் புதுக் கிளப்பை ஏற்றதும் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது, டிரான்ஸ்பருக்கு எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைத்தான். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் திறப்பது சம்பளப் பட்டியல். யார் வாரத்துக்கு எவ்வளவு வாங்குகிறார், அவர் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, அதற்குள் முந்தைய மேனேஜர் என்னென்ன வாக்குறுதிகளைக் கொடுத்து வைத்திருக்கிறார் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்து முடிக்கவே ஒரு மாலை போய்விடும். விலையை மட்டும் பேரம் பேசி ஆளை எடுப்பது, அட்வான்ஸைக் குறைத்துவிட்ட சந்தோஷத்தில் மாத வாடகையைக் கேட்காமல் வீட்டுக்குக் குடிவருவது மாதிரி.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற சகோதரர்கள் உருவாக்கி, 1992-இல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் வெளிவந்த விளையாட்டு இது. 2004-இல் ஃபுட்பால் மேனேஜர் ஆனது. பந்தை நாம் உதைப்பதில்லை. எண்களையும் கட்டங்களையும் பார்த்து முடிவெடுப்பதுதான் ஆட்டம். வீட்டில் இதை ஆபீஸ் வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை. 2001-02 பதிப்பில் டோன்டன் சோலா முகோகோ, செர்னோ சாம்பா என்ற பையன்களை எடுத்துவிட்டால் போதும், கோப்பைகள் தானாக வரும். நிஜத்தில் அவர்கள் அந்த உயரத்துக்குப் போகவில்லை என்பது வேறு கதை. அந்தக் காலத்தில் திறமையானவனைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. இப்போது அவனை எப்படிப்பட்ட காகிதத்தில் கையெழுத்துப் போட வைக்கிறோம் என்பதில்தான் வித்தை இருக்கிறது. 2025 பதிப்பு வெளிவராமலே கைவிடப்பட்டது, அதனால் இங்கே சொல்வதெல்லாம் நான் அதிகம் ஆடிய 2024 பதிப்பை வைத்துத்தான்.

நான் எடுப்பது எப்போதும் நேஷனல் லீக் நார்த்தில் ஒரு கிளப். இங்கிலாந்து லீக் ஏணியில் ஆறாவது படி, விளையாட்டில் எடுத்து ஆடக்கூடிய கடைசிப் படியும் அதுதான். அங்கே பணம் கண்ணுக்குத் தெரியும். திரையில் ஒரு பட்டை இருக்கிறது. அதை ஒரு பக்கம் இழுத்தால் டிரான்ஸ்பர் பணம் சம்பளப் பணமாகும், மறுபக்கம் இழுத்தால் சம்பளம் டிரான்ஸ்பர் பணமாகும். வாரத்துக்கு 1,000 பவுண்டு என்பது வருடத்துக்கு 52,000. இந்தப் பெருக்கல் விரல் நுனியில் இருக்க வேண்டும். சில நூறு பேர் மட்டும் டிக்கெட் வாங்கும் மைதானத்தில் வாரம் 200 பவுண்டு கூடுதலாகப் பேசிவிட்டால், சீசன் முடிவில் அது 10,400 ஆகி நிற்கும்.

ஒரு பேரத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். இரண்டு படி மேலே இருக்கும் லீக் டூவில் ஆடிய 31 வயது சென்டர் பேக், கையில் கிளப் இல்லை. ஏஜென்ட் வாரம் 900, மூன்று ஆண்டு என்று தொடங்குகிறார். நான் 650 என்று வைத்து, ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 100 தனியாகத் தருகிறேன் என்கிறேன். காயம்பட்டுப் படுத்தால் 650 மட்டும்தானே போகும். பெஞ்சில் உட்கார்ந்து ஆடாமல் போனாலும் பணம் என்று ஒரு வரி இருக்கிறது, அதை உடனே நீக்குகிறேன். கிளப்பில் அதிகம் வாங்குபவருக்கு இணையாகச் சம்பளம் உயரும் என்ற வரி அதைவிட மோசம். நாளைக்கு ஒரு நல்ல ஃபார்வர்டை எடுத்தால், அவருக்குக் கொடுக்கும் சம்பளம் இவருக்கும் சேர்த்தே போகும். ஒப்பந்தம் ஓராண்டு. கடைசி சீசனில் இத்தனை ஆட்டம் ஆடினால் தானாக இன்னும் ஓராண்டு நீளும் என்று அவர் கேட்பார். அதற்குப் பதில், நீட்டிக்கும் உரிமை கிளப்பிடம் இருக்கும் என்று எழுதிப் பூட்டுச் சின்னத்தை அழுத்துகிறேன். பூட்டிய வரியை ஏஜென்டால் மாற்ற முடியாது. ஏற்கலாம், அல்லது எழுந்து போகலாம். நிறைய பூட்டினால் அவர் பொறுமை இழந்து எழுந்துவிடுவார், ஆகவே இரண்டுக்கு மேல் நான் பூட்டுவதில்லை. கோல் போனஸ் கேட்டால் மட்டும் தாராளம் காட்டுவேன். சென்டர் பேக் வருடத்துக்கு எத்தனை கோல் போடப்போகிறார்!

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் லீட்ஸ் யுனைடெட் கதையைப் படிக்கலாம். 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன கிளப். வருங்கால டிக்கெட் வருமானத்தை அடமானம் வைத்து 6 கோடி பவுண்டு கடன் வாங்கி ஆட்களைக் குவித்தது. தலைவரின் அறையில் இருந்த தங்கமீன்கள்கூட வாடகைக்கு எடுத்தவை என்று பிறகு தெரியவந்தது. ஆனால் மீன் வாடகை கிளப்பைக் கவிழ்க்கவில்லை. சம்பளம் கவிழ்த்தது. சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு நழுவியதும் 2002-இல் ரியோ ஃபெர்டினாண்டை விற்றார்கள். 2003 ஜனவரியில் ராபி ஃபவுலரை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்றபோது, அவர் சம்பளத்தில் ஒரு பகுதியை லீட்ஸே தொடர்ந்து கட்டியது. எதிரணிக்குப் போய் ஆடுபவருக்கு நாம் சம்பளம் போடுவது! 2004-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியவர்கள் திரும்பி வந்தது 2020-இல். இறங்கினால் சம்பளம் இத்தனை விழுக்காடு குறையும் என்ற வரியை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நான் கேட்பதற்கு லீட்ஸ்தான் காரணம்.

விற்பதற்கு வருவோம். பத்து லட்சம் பவுண்டுக்கு ஒருவரை விற்றால் பத்து லட்சமும் உங்கள் கைக்கு வராது. அதில் எத்தனை விழுக்காட்டைத் திருப்பித் தருவது என்று நிர்வாகக் குழு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கும், சிறு கிளப்புகளில் அது மிகக் குறைவாகவே இருக்கும். அதனால் உடனடித் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மறுவிற்பனைப் பங்கை வாங்கிக்கொள்வேன். இதிலும் இரண்டு வகை உண்டு, கவனக்குறைவாக இருந்தால் தவறான கட்டத்தை அழுத்திவிடுவோம். பத்து லட்சத்துக்கு விற்ற பையனை வாங்கியவர்கள் நாற்பது லட்சத்துக்கு விற்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தத் தொகையில் 20 விழுக்காடு என்றால் நமக்கு எட்டு லட்சம். லாபத்தில் 20 விழுக்காடு என்றால் ஆறு லட்சம்தான்.

நிஜத்தில் இதன் அருமை தெரிந்த கிளப் எக்சிட்டர் சிட்டி. ரசிகர்களின் அறக்கட்டளையே அதற்குச் சொந்தக்காரர். அங்கே வளர்ந்த ஆலி வாட்கின்ஸை 2017-இல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது மறுவிற்பனைப் பங்கை எழுதி வாங்கியிருந்தார்கள். 2020-இல் பிரென்ட்ஃபோர்டு அவரை ஆஸ்டன் வில்லாவுக்கு 2.8 கோடி பவுண்டுக்கு விற்றது. மூன்று வருடம் முன்பு பிரிந்துபோன பையன் எக்சிட்டருக்கு இன்னொரு முறை சம்பாதித்துக் கொடுத்தான். பிரென்ட்ஃபோர்டுக்கோ விற்பதே தொழில். மலிவாக வாங்கி, வளர்த்து, விற்று, அந்தப் பணத்தில் அடுத்தவரை எடுத்து 2021-இல் பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள்.

வாங்குவதில் எனக்குப் பிடித்த சந்தை ஸ்காட்லாந்து. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய வீரருக்கும் பணி அனுமதிப் புள்ளிகள் தேவை, ஆறாம் அடுக்குக் கிளப்புக்கு அது எட்டாது. ஸ்காட்லாந்துக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. தவிர, ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் மட்டும் மிச்சமிருந்தால் ஜனவரியிலேயே அவரிடம் நேரடியாகப் பேசி, கோடையில் விலையில்லாமல் அழைத்து வரலாம். 1995-இன் போஸ்மான் தீர்ப்புக்குப் பிறகு வந்த வசதி. இதே கத்தி நம் பக்கமும் திரும்பும். எனவே என் கிளப்பில் நல்ல பையன் எவனுக்கும் ஒப்பந்தத்தில் மிச்சக் காலம் இரண்டு வருடத்துக்குக் கீழே போக விடமாட்டேன். போனால் புதுக் காகிதம், மறுத்தால் விற்பனை.

விற்கும் தேதியும் முக்கியம். நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்ட் தன் கிளப்பில் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை நல்ல விலைக்காகக் காத்திருந்து, 2023 செப்டம்பர் 1-ஆம் தேதி டாட்டன்ஹாமுக்கு விற்றது. கணக்காண்டு ஜூன் 30-உடன் முடிந்துவிட்டதால் அந்தப் பணம் அந்த ஆண்டு நஷ்டத்தைக் குறைக்க உதவவில்லை. பிரீமியர் லீக்கின் நஷ்ட வரம்பை மீறியதற்காக 2024 மார்ச்சில் அவர்களுக்கு நான்கு புள்ளிகள் வெட்டப்பட்டன. காத்திருந்தால் விலை ஏறும் என்ற வாதத்தை விசாரணைக் குழு ஏற்கவில்லை. வியாபாரமாகப் பார்த்தால் ஃபாரெஸ்ட் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. விதிப்படி தவறு. விளையாட்டில் நான் ஜூனுக்குள் விற்றுவிடுவேன், ஐந்து லட்சம் குறைந்தாலும்.

அடுத்த முறை விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும்போது மான்செஸ்டர் சிட்டியை ஒதுக்கிவிட்டு, வடக்கு இங்கிலாந்தில் பெயர் கேள்விப்படாத ஒரு கிளப்பை எடுத்துப் பாருங்கள். டிரான்ஸ்பர் பட்ஜெட் கட்டத்தில் பெரும்பாலும் பூஜ்யம்தான் இருக்கும். அதை வைத்தே மேலே ஏறலாம்.