சுட்டுத்துண்டின் மௌனம்

கல்முனைக் கடைத்தெருவில் பொருள் வாங்குவோர் வாய்திறந்து கேட்கத் தயங்குவதில்லை. யோகட்டில் சேர்த்த ஜெலற்றின் எதிலிருந்து எடுத்தது என்று முஸ்லிம் தாய்மார் விசாரிப்பர். வெள்ளிக்கிழமை விரதம் காக்கும் எம் வீட்டார், கேக்கில் முட்டை உண்டோ என்று வினவுவர். கடைக்காரரும் சலியாது விடை கூறுவார். உண்பவர் கேட்பதும் விற்பவர் சொல்வதும் இவ்வூரின் பழைய ஒழுங்கு.

அந்த ஒழுங்கு அண்மையில் ஒருநாள் தடைப்பட்டதைக் கண்டோம். பலசரக்குக் கடையொன்றில் நாம் சோயாமீற் பொதியொன்றை எடுத்தபோது, உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் எம் மகள், "அப்பா, இது மரபணு மாற்றிய சோயாவா?" என்று கேட்டாள். நாம் கடைக்காரரை நோக்கினோம். "பொதியில எழுதியிருக்கிறதுதான் எனக்கும் தெரியும், சேர்" என்றார் அவர். பொதியிலோ அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"எழுதாவிட்டால் 'இல்லை' என்று பொருளா, 'யாரும் பார்க்கவில்லை' என்று பொருளா?" என்றாள் மகள். கல்லூரியில் கற்பிக்கும் எமக்கு உடனே விடை கூற இயலவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2001ஆம் ஆண்டில் இலங்கை இத்தகைய உணவுகளைத் தடைசெய்ய முற்பட்டது. வெளிநாட்டு வர்த்தக நெருக்குதலால் அத்தடை ஒத்திவைக்கப்பட்டது. பின்னர், 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் 2006இல் ஒழுங்குவிதிகள் வெளியாகி, 2007 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, மரபணு மாற்றிய உணவை அனுமதியின்றி இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது. அனுமதி பெற்றாலும் சுட்டுத்துண்டில் அதனை அறிவித்தல் வேண்டும்.

ஆகவே சட்டத்தின்படி மௌனம் 'இல்லை' என்றே பொருள்படும். ஆனால் அம்மௌனத்தை நம்புவதற்குச் சோதனை வேண்டும். உலகில் விளையும் சோயாவிற் பெரும்பங்கு மரபணு மாற்றியதே. நன்கு சுத்திகரித்த எண்ணெயில் மரபுப்பொருள் ஏறக்குறைய எஞ்சுவதில்லை. ஆதலால் ஆய்வுகூடத்தாலும் அதன் பிறப்பைக் கண்டறிதல் அரிது. விதை தொடக்கம் கடை வரை கைமாறும் பத்திரங்களே அங்கு சாட்சி.

பிறநாடுகளும் ஒரே வழியிற் செல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சேர்மானத்தில் 0.9 சதவீதத்துக்கு மேற்பட்டால் அறிவிக்க வேண்டும். சுத்திகரித்த எண்ணெய்க்கும் விலக்கில்லை. 2022 முதல் அறிவித்தலைக் கட்டாயமாக்கிய அமெரிக்காவிலோ, தற்செயலாகக் கலப்பது 5 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளப்படுகிறது.

இவ்வுணவு நஞ்சு என்று வாசகர்களை அச்சுறுத்துவது எமது நோக்கமன்று. சோதனைக்குட்பட்டு அனுமதி பெற்றுச் சந்தைக்கு வந்தவை மக்களின் உடல்நலத்தைக் கெடுத்தனவென்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் உண்பவருடைய கேள்வி நஞ்சைப் பற்றியது மட்டுமன்று. ஹலால் பார்ப்பவரும் விரதம் காப்பவரும் நஞ்சுக்கு அஞ்சியா கேட்கின்றனர்? தம் வாயிற் புகுவதைத் தாமே தெரிந்தெடுக்க விரும்புகின்றனர். வேண்டாதவர் விலக்கவும், விரும்புபவர் வாங்கவும் ஒரு வரி எழுத்துப் போதும்.

எனவே கேட்போம். கடையிற் கேட்போம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்போம், பொதியில் முகவரி இருந்தால் எழுதிக் கேட்போம். கேட்பாரில்லாத சட்டம் ஏட்டிலேயே உறங்கிவிடும்.

எம் மகள் அப்பொதியிலிருந்த முகவரிக்குக் கடிதம் எழுதினாள். விடை இன்னும் வரவில்லை. சென்ற கிழமை நாம் கடைக்குப் போனபோது காக்கா தாமாகவே கேட்டார்: "மகளுக்கு மறுமொழி வந்ததா, சேர்? வந்தா எனக்கும் சொல்லுங்க. நம்மட வீட்டிலயும் இதைத்தான் சமைக்கிற."