செங்கல் இல்லாத கோயிலும் செஞ்சிப் பள்ளிவாசலும்



கடல் கடந்து வாழும் நம் உறவினரின் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் குழுவாகத் தமிழகம் காண வருவதுண்டு. அவர்களை எங்கே அழைத்துச் செல்வீர்கள்? தியாகராய நகர்க் கடைவீதி, மாமல்லபுரம், நாகூர் என்பதோடு பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிடும். அத்தகைய குழுவொன்றுடன் மண்டகப்பட்டில் ஒரு முற்பகலைக் கழிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அதில் பெற்ற பயனை உங்களிடம் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

வந்தவர்கள் மலேசியாவைச் சேர்ந்த 14 மாணவ மாணவியர். அவர்களிற் பலருடைய முன்னோர் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு சென்றவர்கள். பிள்ளைகள் தமிழை இனிமையாகப் பேசுகிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவோ தடுமாறுகிறார்கள்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள சிற்றூர் மண்டகப்பட்டு. வயல்களுக்கு அப்பால் கரும்பாறைக் குன்று. அதன் முகப்பைக் குடைந்து ஒரு கோயில். முன்னே இரண்டு தூண்கள், இரு புறமும் வாயிற்காவலர் சிற்பங்கள், உள்ளே வரிசையாக மூன்று அறைகள். அவ்வறைகள் இன்று வெறுமையாய் உள்ளன.

வெளியே தயங்கி நின்றாள் ஒரு மாணவி. “மாமா, இது கோயிலாயிற்றே, நாம் உள்ளே போகலாமா?” என்றாள். அவளுடைய தயக்கம் எமக்கு மகிழ்ச்சியளித்தது. தன் தீனைப் பேண நினைக்கும் உள்ளத்தில் எழுவதன்றோ அது! “நாம் வணங்க வரவில்லையம்மா, அறிய வந்தோம். பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்றோரின் வரலாற்றைப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை பலவிடங்களில் பணிக்கிறது. பிறர் போற்றும் இடத்தில் மரியாதையோடு நடந்துகொண்டால் போதும்” என்றோம். அவள் உள்ளே வந்தாள்.

இக்குகையின் பெருமை அதன் கல்வெட்டில் இருக்கிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், ‘விசித்திரசித்தன்’ என்னும் தன் பட்டப்பெயரால் அதைப் பொறித்திருக்கிறான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இல்லாமல், பிரமன், ஈசுவரன், திருமால் மூவருக்கும் இவ்வாலயத்தை அமைத்ததாக அது கூறுகிறது. அக்காலத்துக் கட்டடங்கள் இந்நான்கு பொருள்களாலேயே எழும்பின. மரம் மக்கிற்று, செங்கல் உதிர்ந்தது. மன்னன் பாறையைத் தேர்ந்தான், பாறை நிலைத்தது. தொண்டை நாட்டில் பல்லவர் குடைந்த குகைக்கோயில்களுள் இதுவே முற்பட்டது என ஆய்வாளர் பலர் கருதுவர்.

“இது என்ன எழுத்து?” என வினவினான் ஒரு மாணவன். மொழி வடமொழி, எழுத்து கிரந்தம். வடமொழி ஒலிகளைத் தமிழ் மண்ணில் எழுதுவதற்கென வளர்ந்தது அவ்வெழுத்து. அவனுடைய குறிப்பேட்டை வாங்கி ‘ஹஜ்’ என்று எழுதிக் காட்டினோம். ஹ, ஜ, ஸ, ஷ ஆகிய எழுத்துகள் அந்தக் கிரந்த மரபிலிருந்து தமிழுக்கு வந்தவை. நாம் நாள்தோறும் எழுதும் ஸலாம், ஹதீஸ், ஷஃபான் எல்லாவற்றிலும் அவற்றின் உதவி இருக்கிறது. நம் முன்னோரும் இதே பணியை மற்றொரு திசையில் செய்தார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி, அரபுத்தமிழ் என்னும் எழுத்து முறையைக் கண்டு, மார்க்க நூல்களை எழுதிக் குவித்தார்கள். ஒரு மொழியின் ஒலியை மற்றொன்றில் இழக்காமல் காக்க வேண்டும் என்ற கவலை இரு சாராருக்கும் பொது. தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாத அம்மாணவன், ‘ஷாஜஹான்’ என்று மெல்ல எழுதிப் பார்த்தான். பெயர் முழுவதிலும் தமிழுக்கே உரிய எழுத்து ஒன்றுதான். அது கடைசி ‘ன்’!

பிற்பகலில் செஞ்சிக்குப் புறப்பட்டோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகளுள் ஒன்றாக இக்கோட்டை இடம்பெற்றது. கோட்டைக்குள் 1717-18இல் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாகான் எழுப்பிய பள்ளிவாசல் இருக்கிறது. 1714இல் தேசிங்கு ராஜனை வென்றதன் நினைவாகக் கட்டப்பட்டது அது. வென்றவர் முஸ்லிம் என்று பிள்ளைகள் முகம் மலர்ந்தபோது, கதையின் மறுபாதியைச் சொன்னோம். தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கானும் முஸ்லிம்தான். மணப்பந்தலை விட்டெழுந்து வந்து, நண்பனுக்காக நவாபின் படையோடு பொருது மாண்டான் என நாட்டார் கதைப்பாடல் அவனைப் போற்றுகிறது.

“அப்படியானால் நாம் யார் பக்கம், மாமா?” என்றாள் காலையில் தயங்கிய அதே மாணவி. வாக்குக் காத்தவன் பக்கம் என்றோம். சிறிது யோசித்துவிட்டுத் தலையசைத்தாள்.

வாசகர்களே, உங்கள் இல்லத்துக்கும் இப்படிப் பிள்ளைகள் வருவார்கள். இவ்வூர்களுக்கு அழைத்து வாருங்கள். பாறை சுடுமுன் காலையிலேயே புறப்படுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். பழஞ்சின்னங்களின் மீது பெயரைக் கிறுக்கும் இழிவழக்கம் நாடெங்கும் இருக்கிறது. அதை அவர்கள் செய்யாதவாறு முன்னமே எச்சரியுங்கள். பெயர் எழுத ஆசைப்படும் பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். அதில் தன் பெயரைத் தமிழில் எழுதக் கற்கட்டும். கப்பலேறிச் சென்ற பாட்டனாரின் மொழி அந்தப் பேரனிடம் திரும்பி வர அதுவே முதல் படியாகலாம், இன்ஷா அல்லாஹ்.