வெறுமையாய் நின்ற கட்டம்

விளையாட்டுப் போட்டிகளை அவற்றின் அமைப்பு நோக்கி இருவகைப்படுத்தலாம். தோற்ற அணி அன்றே வெளியேறிவிடுவது ஒருவகை. தோற்றாலும் வென்றாலும் அடுத்த வாரமும் வந்து ஆடவேண்டியது மற்றொரு வகை. இரண்டாவது வகையே லீக் எனப்படுவது. 1888ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உதைபந்தாட்ட லீக் தோன்றிய நாள் முதலாக அதன் விதி எளிமையானதாகவே இருந்து வருகின்றது. ஒவ்வோர் அணியும் ஏனைய ஒவ்வோர் அணியையும் இருமுறை சந்திக்கும்; ஒருமுறை சொந்த மைதானத்தில், மறுமுறை எதிரணியின் மைதானத்தில். ஆவணியில் தொடங்கும் இக்கணக்கு மறு ஆண்டு வைகாசியில் முடியும். ஓர் ஆட்டத்தை மறந்துவிட்டுக் கூட்டினால் இறுதித் தொகை பிழைத்துவிடும்.

1995 - 96 பருவத்தில் இங்கிலாந்தின் முதற்றர லீக்கில் 20 கழகங்கள் ஆடின. ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி. அப்பருவத்தில் நியூகாசில் யுனைற்றட் கழகம் பெற்ற முடிவுகள் அனைத்தையும் 80 பக்கக் கொப்பி ஒன்றிற் குறித்துவைத்த மனிதர் ஒருவர் வன்னியில் இருந்தார். வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த ஆங்கில ஆசிரியர் அவர். இங்கிலாந்தை அவர் ஒருபோதும் கண்டதில்லை.

இத்தனை கழகங்களுள் நியூகாசிலை அவர் தேர்ந்தமைக்குக் காரணம் உதைபந்தாட்டம் அன்று. நியூகாசிலுக்கு நிலக்கரி சுமப்பது என்றொரு பழமொழி ஆங்கிலத்தில் உண்டு. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று நம்மவர் கூறுவதும் அதுவே. ஆண்டுதோறும் மாணவருக்கு இப்பழமொழியை விளக்கி விளக்கி, தைன் நதிக்கரையில் அமைந்த அந்நகரம் அவருக்கு அயற்கிராமம் போலாயிற்று. நிலக்கரி அகழ்ந்தவர்களும் கப்பல் கட்டியவர்களும் வளர்த்த கழகம் அது. 1927ஆம் ஆண்டின் பின் லீக் பட்டத்தை வென்றறியாதது. வெற்றி பெற்றவனை நேசிப்பதற்கு ஆட்கள் பலர் இருப்பார்கள் என்பது ஆசிரியரின் எண்ணம்.

முடிவுகள் அவரை வந்தடைந்த வழி இன்றைய மாணவருக்கு விந்தையாகத் தோன்றலாம். பொருளாதாரத் தடை காரணமாகப் பற்றறி கிடையாத காலம் அது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, சில்லோடு சேர்ந்து சுழலும் டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் பெற்றனர் மக்கள். சுற்றும் கை தளர்ந்தால் செய்தியும் தளரும். சனிக்கிழமை இரவுகளில் பி.பி.சி. உலக சேவை உதைபந்தாட்ட முடிவுகளை அறிவிக்கும்போது, மாரிகாலமாயின், வன்னியில் மணி பத்தரையை அண்மித்திருக்கும். அம்முடிவுகளை வாசிப்பதில் ஒரு மரபு உண்டு. முதலாம் அணியின் பெயரும் கோலும் ஒரு தொனியில் ஒலிக்கும். இரண்டாம் அணியின் பெயரிற் குரல் உயர்ந்தால் அது வென்றது, தாழ்ந்தால் தோற்றது. 1974 முதல் 2013 வரை பி.பி.சி. வானொலியில் முடிவுகளை வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டர் கோர்டன் இம்முறையைப் புகழ்பெறச் செய்தவர். எண்ணைக் கேட்குமுன்னரே முடிவை அறிந்துவிடலாம். டைனமோ வானொலியிலோ குரல் தாழ்ந்தது தோல்வியினாலா, சுற்றியவனின் களைப்பினாலா என்று பிரித்தறிவதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது.

சொந்த மைதானத்து ஆட்டங்களை நீல மையாலும், எதிரணி மைதானத்து ஆட்டங்களைச் சிவப்பு மையாலும் அவர் எழுதினார். தொடக்கம் மிகச் சிறப்பாக அமைந்தது. ஆகஸ்ட் 19இல் கொவென்றிக்கு எதிராக 3 - 0. முதல் பத்து ஆட்டங்களில் ஒன்பது வெற்றி. சவுதாம்ரனில் மாத்திரம் 0 - 1 எனத் தோல்வி. பத்தாவது ஆட்டம் ஒக்டோபர் 21ஆம் திகதி, விம்பிள்டனுக்கு எதிராக 6 - 1. நான்கு நாட்களுக்கு முன்னர், ஒக்டோபர் 17இல், யாழ்ப்பாணத்தை நோக்கிய 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. ஷெல் ஓசைக்கிடையே அந்த 6 - 1ஐ அவர் கேட்டார். கொப்பியில் அதன்கீழ் ஒரு கோடும் இட்டார்.

பதினோராவது ஆட்டம் ஒக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை, இலண்டனில் ரொட்டன்ஹாம் கழகத்துடன். அன்றிரவு அவர் வீட்டிற் சில்லுச் சுழலவில்லை. மறுநாள் ஒக்டோபர் 30. வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தெருவுக்கு வந்த அந்நாளை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்கு மழையில் விடியும்வரை நின்ற இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். துவிச்சக்கரவண்டியில் அரிசிப் பையும் தாயாரின் மருந்தும் தொங்கின. சான்றிதழ்கள் வைத்த உறைக்குள் கொப்பியும் சென்றது.

நவம்பர் 4ஆம் திகதி தென்மராட்சிப் பாடசாலை ஒன்றின் விறாந்தையில் எவரோ ஒருவரின் வானொலி ஒலித்தது. நியூகாசில் லிவர்பூலை 2 - 1 என வென்றிருந்தது. அதனைத் தொடர்ந்து வாசிக்கப்பட்ட புள்ளி நிலையில் நியூகாசிலுக்கு 31 புள்ளிகள். ஆசிரியரின் கணக்கிலோ 30. பத்து ஆட்டங்களில் 27; லிவர்பூலை வென்றதால் 3. எஞ்சிய ஒரு புள்ளி, கேட்காத ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வந்ததாதல் வேண்டும். எனவே ரொட்டன்ஹாம் ஆட்டம் சமநிலையில் முடிந்தது என்று துணிந்தார். எத்தனை கோல் என்பது தெரியவில்லை. கட்டம் வெறுமையாய் நின்றது.

கிளாலிக் கடனீரேரியை வள்ளத்திற் கடந்து குடும்பம் கிளிநொச்சியை அடைந்தது. இரணைமடு வாய்க்காலை அண்டியதொரு காணியில், முன்பின் அறியாத குடும்பம் ஒன்று தன் வளவில் கொட்டில் போட இடங்கொடுத்தது. அவ்வீட்டு மகனும், ஆசிரியரின் மருமகனும் சனிக்கிழமைகளில் முறைவைத்துச் சில்லுச் சுற்றினர். ஒருநாள் அவ்வீட்டுப் பையன் கேட்டான்:

"சேர், நியூகாசில் வெண்டால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்டும் கிடையாது தம்பி. நீ நிப்பாட்டாமல் சுத்து."

1996 ஜனவரி 20இல் போல்ரனை 2 - 1 என வென்றபோது நியூகாசில் 12 புள்ளிகளால் முன்னணியில் நின்றது. கெவின் கீகனின் அணி தற்காத்து ஆட அறியாதது. மூன்று வாங்கினால் நான்கு போடலாம் என நம்பியது. லெஸ் பேர்டினன்ட் மாத்திரம் அப்பருவத்தில் 25 லீக் கோல்கள் அடித்தார். பட்டம் கைக்கெட்டிவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர்.

பின்னர் சிவப்பு மை மிகலாயிற்று. பெப்ரவரி 21இல் வெஸ்ற் ஹாமில் 0 - 2. மூன்று நாட் கழித்து மன்செஸ்ரர் சிற்றியில் 3 - 3. மார்ச் 4இல் சொந்த மைதானத்திலேயே மன்செஸ்ரர் யுனைற்றட்டிடம் 0 - 1. எரிக் கன்ரனாவின் ஒற்றைக் கோல். ஆர்சனலில் 0 - 2. ஏப்பிரல் 3இல் லிவர்பூலில் இருமுறை முன்னிலை பெற்றும், மேலதிக நிமிடங்களில் ஸ்ரான் கொலிமோர் அடித்த கோலினால் 3 - 4. ஏப்பிரல் 8இல் பிளக்பேர்ணில், வெற்றி ஏறத்தாழ உறுதியாயிருந்த வேளையில், கிரகாம் பென்ரன் ஈற்று நிமிடங்களில் இரு கோல்கள் அடித்து 1 - 2 ஆக்கினார். பென்ரன் தைன் கரையிற் பிறந்தவர். சிறுவயது முதல் நியூகாசிலின் இரசிகர். சொந்த ஊரவனே முடித்துவைத்த இச்செய்தி ஆசிரியரைப் பல நாட்கள் வருத்திற்று என்பர்.

மே 5, இறுதி நாள். மன்செஸ்ரர் யுனைற்றட் மிடில்ஸ்பரோவில் 3 - 0 என வென்றது. நியூகாசில் சொந்த மைதானத்தில் 1 - 1. எதிரணி, மீண்டும் ரொட்டன்ஹாம். மன்செஸ்ரருக்கு 82 புள்ளிகள், நியூகாசிலுக்கு 78.

அன்றிரவு அவர் கொப்பியில் இருநிறங்களையும் தனித்தனியே கூட்டினார். சொந்த மைதானத்தில் 17 வெற்றி, 1 சமநிலை, 1 தோல்வி: 52 புள்ளிகள். எதிரணி மைதானங்களில் 7 வெற்றி, 5 சமநிலை, 7 தோல்வி: 26 புள்ளிகள். சரியாகப் பாதி. மன்செஸ்ரரின் கணக்கு சொந்த இடத்தில் 49, வெளியில் 33. தன் வீட்டில் நியூகாசிலே நாட்டின் தலைசிறந்த அணி. பட்டத்தை அது இழந்தது பிறர் மைதானங்களில். கொட்டிலில் இருந்தவருக்கு இத்தொகை எதனை நினைவூட்டியிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. ஊரில் பாடசாலையும் வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் அவரைச் சுற்றி நின்றன. இங்கே பங்கீட்டு அட்டைக்கு வரிசையில் நிற்கும் ஓர் இலக்கம் அவர். எனினும் 26 என்பது பூச்சியம் அன்று. அந்நிய மண்ணிலும் ஏழுமுறை வென்றிருக்கின்றார்கள் என்பதை அவர் பையன்களுக்கு எடுத்துக்காட்டினார். சில்லுச் சுற்றிக் களைத்தவர்களுக்கு அது பெரிய ஆறுதலாய் இருந்திராது.

சில வாரங்களின் பின், வவுனியாவிலிருந்து வந்த சாமான் சுற்றிய ஆங்கிலப் பத்திரிகைத் துண்டொன்றில் இறுதி அட்டவணை அகப்பட்டது. நியூகாசில் அடித்த கோல்கள் 66, வாங்கியவை 37. கொப்பியின் கூட்டுத்தொகையோ 65, 36. இரு பக்கத்திலும் ஒவ்வொன்று குறைந்தது. ஆகவே ஒக்டோபர் 29ஆம் திகதி முடிவு 1 - 1. ஏழு மாதங்களாக மறைந்துகிடந்த ஒரு நாளைக் கழித்தற் கணக்கு மீட்டுத் தந்துவிட்டது. கொப்பியின் பின்னட்டையிற் பென்சிலால் அக்கணக்கைச் செய்தார். உள்ளே கட்டத்தை மாத்திரம் அவர் நிரப்பவில்லை.

அவ்வாண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் படையினர் வசமாயிற்று. குடும்பம் ஸ்கந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. இடங்கொடுத்த குடும்பமும் இம்முறை உடன் பெயர்ந்தது. சொந்த மைதானத்தவர், வெளியார் என்ற வேறுபாடு அத்துடன் நீங்கிற்று. 2009இல் முல்லைத்தீவுக் கரைவரை சென்று மீண்டவர்களிடம் உடுத்த உடையன்றி வேறில்லை. சில்லுச் சுற்றிய இருவரில் மருமகன் திரும்பவில்லை. கொப்பியும் திரும்பவில்லை.

செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில், தொண்டு நிறுவனம் ஒன்று பிள்ளைகளுக்கு வழங்கிய கொப்பிகளில் ஒன்றைக் கேட்டுப்பெற்று, 38 ஆட்டங்களையும் நினைவிலிருந்து அவர் திரும்ப எழுதினார். சிவப்புப் பேனா கிடைக்கவில்லை. வெளி மைதானத்து ஆட்டங்களின் கீழ்க் கோடிட்டார்.

2025 மார்ச் 16ஆம் திகதி நியூகாசில், லிவர்பூலை 2 - 1 என வென்று லீக் கிண்ணத்தைப் பெற்றது. 1955ஆம் ஆண்டின் பின் உள்நாட்டுப் போட்டியொன்றில் அது வென்ற முதற் கிண்ணம். கிளிநொச்சியில் எண்பதைக் கடந்திருந்த ஆசிரியருக்குப் பேத்தி இதனைக் கைத்தொலைபேசியிற் காட்டினாள். அன்று அக்கொப்பியையும் எடுத்துவரச் செய்தார். அவள் ஒவ்வொரு முடிவையும் தொலைபேசியிற் பார்த்துச் சரிபிழை குறித்தாள். திகதியும் அணியும் கோலும் பிசகாமல் 37 முடிவுகள் சரியாயிருந்தன. பதினோராவது வரியில் திகதியும் 'ரொட்டன்ஹாம்' என்ற பெயரும் கோடும் இருந்தன, முடிவு இல்லை.

"ஒண்டுக்கு ஒண்டு, தாத்தா. இதை மறந்திட்டியளோ?"

"மறக்கேல்லை. ஒண்டுக்கு ஒண்டெண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் எழுதேல்லை?"

"அண்டைக்கு நான் கேக்கேல்லை, பிள்ளை."