சாவி யார் கையில்

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம். கடற்கரைக் கழிப்பறையின் இரும்பு ஷட்டர் இறங்கியிருந்தது. மூடப்பட்டிருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். என் மகள் பிறந்ததற்காக அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்த நேரம் அது. அப்பாவுக்கு வயது 71. இருபது வருடமாகச் சர்க்கரை.

"அடுத்தது எங்கடா இருக்கு?" என்றார்.

அடுத்தது மேட்டில் ஏறினால் கார் நிறுத்துமிடத்தில். பன்னிரண்டு நிமிட நடை. பாதி மேட்டில் அப்பா நின்றுவிட்டார். நான் திரும்பியபோது அவர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஜாக்கெட்டைக் கழற்றி அவர் இடுப்பில் கட்டிவிட்டேன். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. வாசலில் மட்டும், "உங்கம்மாகிட்டகூடச் சொல்லாத" என்றார்.

தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஐந்து வருடமாக இங்கே இருக்கிறோம். அன்றிரவே பெரிய கவுன்சிலுக்குக் கோபமாக மின்னஞ்சல் எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கழிப்பறையை உங்கள் டவுன் கவுன்சிலிடம் ஒப்படைக்கப் பேச்சு நடக்கிறது, அவர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் நிரந்தரமாக மூட வேண்டியிருக்கும் என்றார்கள். அப்படி ஒரு டவுன் கவுன்சில் இருப்பதையே நான் கிறிஸ்துமஸ் விளக்கு போடும்போதுதான் நினைத்துக்கொள்வேன்.

கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா சிரித்தார். பணிக்காலம் முழுக்க ஊராட்சிச் செயலராக இருந்தவர் அவர். "பொறுப்பக் கீழ இறக்கறாங்க. பணம் இறங்குதான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

பாரிஷ் என்றால் தேவாலயப் பங்கு. ஆனால் 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் நிர்வாகத்தைத் தேவாலயத்திடமிருந்து பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களிடம் கொடுத்தது. டவுன் கவுன்சிலும் அதே வகைதான், பெயர்தான் வேறு. இன்று இங்கிலாந்தில் இப்படிச் சுமார் பத்தாயிரம் கவுன்சில்கள் இருக்கின்றன. உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. சின்ன ஊர்களில் சம்பளம் வாங்குவது கிளார்க் ஒருவர் மட்டுமாகக்கூட இருக்கும்.

2009இல் கார்ன்வாலில் ஆறு மாவட்டக் கவுன்சில்களையும் கவுன்டி கவுன்சிலையும் கலைத்து ஒரே கவுன்சிலாக்கினார்கள். 2010க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் குறைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் கழிப்பறை, பூங்கா, நூலகக் கட்டடம் என ஒவ்வொன்றாகக் கீழே இருக்கும் டவுன், பாரிஷ் கவுன்சில்களுக்குக் கை மாறின. சோமர்செட்டில் 2023 ஏப்ரலில் அதேபோல் ஒரே கவுன்சில் வந்தது. அந்த நவம்பரிலேயே அது நிதி நெருக்கடியை அறிவித்தது. அங்கேயும் டவுன் கவுன்சில்களின் கதவைத் தட்டினார்கள்.

பெரிய கவுன்சில்களைத் திட்டுவது சுலபம். முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் அவர்களுடைய சட்டக் கடமை. பணத்தின் பெரும்பகுதி அதில் போய்விடும். கழிப்பறை அப்படியில்லை. பொதுக் கழிப்பறை கட்டலாம் என்கிறது 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். கட்டியே ஆக வேண்டும் என்று இங்கிலாந்தில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெட்டும்போது அந்த வரிதான் முதலில் போகும்.

டவுன் கவுன்சிலுக்கு இருக்கும் முக்கியமான வருமானம் கவுன்சில் வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் 'பிரிசெப்ட்' என்ற தொகை. பெரிய கவுன்சில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் வரியை ஏற்ற மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். டவுன் கவுன்சிலுக்கு அந்த வரம்பு இதுவரை இல்லை. ஆகவே சுமையைக் கீழே தள்ளினால் வரியும் கீழிருந்தே ஏறும். மேலே கட்டும் வரியோ குறைவதில்லை.

ஜனவரியில் பட்ஜெட் கூட்டம் வந்தது. "மீட்டிங்னா நானும் வர்றேன்" என்று அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டார். சின்ன ஹால், முப்பது பேர் இருப்பார்கள். கிளார்க் விவரம் சொன்னார். 99 வருடக் குத்தகை, வாடகை ஆண்டுக்கு ஒரு மிளகு. விளையாட்டில்லை, பெயரளவு வாடகையை இங்கே பத்திரத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அப்பாவிடம் கிசுகிசுத்தேன். "கூரை ஒழுகுதான்னு கேளு" என்றார். அதைத்தான் ஒரு உறுப்பினர் அப்போது கேட்டுக்கொண்டிருந்தார். ஒழுகியது. 2021இல் வந்த சட்டத்தால் தனிக் கட்டடமாக இருக்கும் பொதுக் கழிப்பறைக்கு வணிகக் கட்டட வரி இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். சுத்தம் செய்ய, பழுதுபார்க்க எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு வாரம் 80 பென்ஸ் கூடும்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். முதலில் ஒரு வயதான பெண்மணி எழுந்தார். ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டுப் பேசினார்.

"80 பென்ஸ்னு சொல்றீங்க. வருஷத்துக்கு 41 பவுண்டு 60 பென்ஸ். சாயங்காலம் நாலு மணிக்கு மேல நான் ஹீட்டர் போடறதில்லை. இந்த ரூம்ல இருக்கிற யாரையும்விட எனக்குத்தான் அந்தக் கழிப்பறை வேணும். ஆனா அதுக்கு நான் ஏற்கெனவே காசு கட்டிட்டேன். வாங்கினவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

அடுத்து என் பெயர். அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னால் அந்த ஹாலே அமைதியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் வந்திருந்தேன். பக்கத்தில் அப்பா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, புரியாத மொழியைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி என்னையே பார்த்தார். "எல்லோராலும் அந்த மேட்டில் பன்னிரண்டு நிமிடம் நடக்க முடியாது" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏழுக்கு ஐந்து. ஏற்றுக்கொள்வது என்று முடிவானது.

வெளியே காற்று அடித்தது. "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

"அவங்க சொன்னது சரிதான். ஓட்டும் சரியாத்தான் விழுந்திருக்கு." பிறகு அவரே தொடர்ந்தார். "93ல நமக்கும் சட்டம் வந்துச்சுல்ல, ஊராட்சிக்கு 29 அதிகாரம்னு. பட்டியல் பெருசு. என் மேசைக்கு வந்தது தெருவிளக்கும் தண்ணியும் சாக்கடையும்தான். மோட்டார் ரிப்பேர்னா ராத்திரி பத்து மணிக்கு நம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. கலெக்டர் வீட்டுக்கா போவாங்க? மேல இருக்கிறவன் இல்லைன்னு சொல்லிருவான். நம்மால முடியாது. அது தெரிஞ்சுதான் நம்ம கையில தர்றாங்க."

நான் இத்தனை படித்தும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது அதுதான். அதிகாரம் கீழே வருகிறது என்று சொல்லித்தான் தருகிறார்கள். வருவதில் பாதி, முகம் பார்த்து மறுக்க முடியாதவர்களின் தர்மசங்கடம். வசதியான கிராமம் சமாளித்துவிடும். ஹீட்டரை அணைத்துவைக்கும் ஊர் என்ன செய்யும்?

அப்படியிருந்தும் ஈஸ்டருக்கு ஷட்டர் ஏறியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய தாள் இருந்த இடத்தில் கிளார்க்கின் தொலைபேசி எண். மே மாதம் ஒரு காலை எட்டரைக்கு அந்தப் பெண்மணி பூட்டிய கதவுமுன் நின்று அந்த எண்ணில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் கிளார்க்கே சைக்கிளில் சாவியோடு வந்தார். எதிர்த்துப் பேசியவரும் அந்த 80 பென்ஸைக் கட்டுகிறார், திட்டுவதற்கு ஒரு ஆளும் கிடைத்திருக்கிறார். இது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்க அப்பாவை அழைத்தேன். மேட்டில் நடந்ததையும் எழுத வேண்டியிருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எழுது" என்றார். "அந்தம்மா சொன்ன தொகையையும் போடு. வாரக் கணக்குல போடாத. வருஷக் கணக்குல போடு."