நாஞ்சில் நாட்டில் ஒரு பட்டு விவகாரம்

என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பையனுக்கு ஊர் நாகர்கோவில். நல்ல குடும்பம், நல்ல வேலை, ஜாதகமும் பொருந்தியிருந்தது. எல்லாம் கூடி வந்த வேளையில் பெண் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"எனக்குக் கூறைப் பட்டு வேண்டாம்!"

அண்ணி மயங்கி விழாத குறைதான். பட்டில்லாமல் ஒரு கல்யாணமா? பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? இந்தச் சமயத்தில், பிள்ளையின் பாட்டி, தள்ளாத வயதில் நிச்சயதார்த்தத்துக்கு வர முடியாமல் போனவர், பெண்ணை ஒரு முறை கண்ணால் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"வழியில் நல்ல வார்த்தை சொல்லி அவள் மனசை மாற்றி அழைத்து வாருங்கள்" என்றாள் அண்ணி. நானும் பெரிய தூதுவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு ரயில் ஏறினேன்.

ரயிலில் ஒரு பாடம்

விஷயம் இதுதான். இரண்டு வருஷமாக அவள் 'வீகன்'. நம்மைப் போன்ற சைவம் அல்ல. அதற்கும் மேலே பல படி. பால், தயிர், நெய், தேன் கிடையாது. தோல் செருப்பு, கம்பளி, முத்து, பட்டு எதையும் தொடமாட்டாள். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் உண்டாக்கிய சொல்லாம் அது. நம் நாட்டிலும் 2022-இல் இத்தகைய உணவுகளுக்கென்று தனி விதிகள் வந்துவிட்டன. பொட்டலத்தில் நாம் தேடும் பச்சைப் புள்ளி பாலையும் தேனையும் அனுமதிக்கும், இது அனுமதிக்காது.

வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள் என் கைப்பையைச் சோதனை போட்டுவிட்டாள். காப்ஸ்யூல் மாத்திரையின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின். அது மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. உதட்டுச் சாயங்கள் பலவற்றின் சிவப்பு, கள்ளிச் செடியில் வாழும் ஒரு பூச்சியை உலர்த்தி அரைத்தது. மிட்டாயின் பளபளப்புக்குப் பூசுவது சில சமயம் அரக்கு. அதுவும் ஒரு பூச்சி சுரப்பதே. பிள்ளை பெற்ற வீட்டில் தாய்ப்பாலில் உரைத்து ஊற்றுகிறோமே கோரோசனை, அது மாட்டின் பித்தப்பையில் விளையும் கல்!

"போதுமடி அம்மா, நான் தூங்கவேண்டும்" என்றேன்.

ஆனாலும் தூதுவர் வேலையை மறக்கவில்லை. "புழுவைக் கொல்லாத அகிம்சைப் பட்டு இருக்கிறதாமே?" என்று மெதுவாக ஆரம்பித்தேன். குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மாள் அப்படியொரு பட்டு கிடைக்குமா என்று கேட்டதுதான் தொடக்கம் என்றும், ஆந்திரத்தில் குசும ராஜய்யா என்ற கைத்தறித் துறைக்காரர் அதைச் செய்து காட்டினார் என்றும் படித்திருந்தேன்.

"அந்தப் பூச்சி வெளியே வந்தாலும் பறக்க முடியாது, அத்தை. ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷன் வளர்த்து வளர்த்து, இறக்கை இருந்தும் பறக்கத் தெரியாமல் ஆக்கிவிட்டான். சில நாளில் செத்துப்போகும். சாதாரணப் பட்டோ கேட்கவே வேண்டாம். ஒரு கிலோ நூலுக்குச் சுமார் ஐயாயிரம் கூடு. பூச்சி துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துபோகும் என்று உள்ளே இருக்கும்போதே அவித்துவிடுவார்கள். காஞ்சிப் பெரியவரே பட்டு வேண்டாம் என்று பெண்களிடம் சொன்னவர்தானே?"

என் வாயடைத்துப் போயிற்று. அத்துடன் படுத்துவிட்டேன்.

சுக்குக் காப்பியும் சுண்ணாம்பும்

விடிந்தபோது ஆரல்வாய்மொழிக் கணவாய். மலை இடுக்கில் காற்று சீறிக்கொண்டு வந்தது. வெளியெங்கும் காற்றாலைகள். அதைத் தாண்டினால் தோவாளைப் பூ வாசனை, வயல், குளம், தென்னை. நாஞ்சில் நாடு என்ற பெயருக்கு ஏற்ற பசுமை.

எனக்குப் பால் காப்பி. அவளுக்குக் கருப்புக்கட்டி போட்ட சுக்குக் காப்பி. இங்கேதான் அவளை மடக்கினேன். பனையில் இறக்கும் பதநீருக்கு இந்தப் பக்கத்தில் அக்கானி என்று பெயர். அது புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்பு கடல் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்ததாயிற்றே!

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு, "செத்து ஒதுங்கின கிளிஞ்சல் வேறே, கொன்று எடுக்கிற கிளிஞ்சல் வேறே, அத்தை" என்றாள்.

சமாளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அன்று மாலையே அதற்கு அர்த்தம் புரிந்தது.

வள்ளுவர் பார்க்கும் கடைத் தெரு

கன்னியாகுமரிக்குப் போய் ஒரு சங்கு வாங்காமல் திரும்பும் குடும்பம் உண்டா? கடற்கரைக் கடைகளில் சங்கும் சோழியும் சிப்பி மாலையும் மலை மலையாய்க் குவிந்திருந்தன. வழுவழுவென்று ரோஜா நிறத்தில் ஒரு சங்கைக் கையில் எடுத்தேன்.

"கரையில் ஒதுங்கினதைப் பாருங்கள், அத்தை" என்று மணலிலிருந்து ஒன்றைப் பொறுக்கித் தந்தாள். நிறம் மங்கி, ஓரம் உடைந்து, அலை தேய்த்துத் தேய்த்துச் சொரசொரத்துப் போயிருந்தது. கடையில் மின்னுகிறவை பெரும்பாலும், உள்ளே இருக்கும் பிராணி உயிரோடு இருக்கும்போதே எடுத்தவை. சதையை நீக்கி, அமிலத்தில் கழுவி, பளபளப்பேற்றி விற்பனைக்கு வருகின்றன. சில வகைகளை எடுப்பதும் விற்பதும் கூடாதென்று 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

கடலுக்குள்ளே பாறைமேல் 133 அடி உயரத்தில் திருவள்ளுவர் நிற்கிறார். 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறந்த சிலை. தின்பவர் இல்லாவிட்டால் விலைக்குக் கொடுப்பவரும் இருக்கமாட்டார் என்று புலால் மறுத்தலில் கணக்குப் போட்டவர் அவர். அவர் பார்க்க அந்தச் சங்கை விலை பேச எனக்குத் தைரியம் வரவில்லை. உடைந்த கிளிஞ்சலை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஆட்டுப்பால்

அங்கிருந்து சிறிது தூரத்தில் காந்தி மண்டபம். 1948-இல் மகாத்மாவின் அஸ்தியைக் கடலில் கரைக்குமுன் மக்கள் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில் எழுந்தது. அக்டோபர் 2-ஆம் தேதி நண்பகலில் சூரிய ஒளி நேரே அந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

காந்திஜிக்கும் இந்தப் பால் விவகாரத்துக்கும் சம்பந்தம் உண்டு. கல்கத்தாவில் பசுக்களிடம் கடைசிச் சொட்டுவரை கறக்கச் செய்யும் கொடுமைகளைப் பற்றி அறிந்து, 1912-இல் தென்னாப்பிரிக்காவில் பாலையே விட்டுவிட்டார். 1918-இல் சீதபேதி கண்டு, உடம்பு தேறாமலே படுத்த படுக்கையாகக் கிடந்தார். பால் சாப்பிடாமல் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். அப்போது கஸ்தூரிபா அம்மையார், பசுவும் எருமையும்தானே ஆகாது, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். காந்திஜி இணங்கினார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டேனே என்று பிற்பாடு சுயசரிதையில் மனம் நொந்து எழுதினார்.

"அவருக்கே முடியவில்லை, பார்த்தாயா?" என்றேன், வெற்றி கிடைத்தாற்போல.

"முடியவில்லை என்பதை ஒளிக்கவும் இல்லையே, அத்தை" என்றாள் அவள். அவள் குரலில் வாதாடும் தொனியே இல்லை. எனக்கு மட்டும், கஸ்தூரிபாயின் நிலைமையில் எந்தப் பெண்தான் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது.

கண்ணாடித் தரை

மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. 1795-க்கு முன் திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். வாசலில் செருப்பைக் கழற்றினோம். அவளுடையது ரப்பர் செருப்பு. தமிழ்நாட்டில் ரப்பர் பெரும்பாலும் விளைவது இந்த மாவட்டத்தில்தான் என்பதில் அவளுக்கு ஒரே பெருமை.

உள்ளே கறுத்து மின்னுகிறது தரை. இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் முகம் பார்க்கலாம் போலிருக்கிறது. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, மூலிகைச் சாறு, அதோடு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துச் செய்தது என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம்.

"முட்டைமேல் நடக்கிறாயே!" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நான் நடப்பதால் இனி ஒரு முட்டை உடையப் போகிறதா, அத்தை?"

குரத்தியார் குன்று

பிற்பகல் மார்த்தாண்டம் வழியாகச் சிதறால் மலைக்குப் போனோம். வழியெல்லாம் தேன் விற்கும் கடைகள். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம நிலையம் வைத்து, ஏழைக் குடும்பங்களுக்குப் பெட்டிகளில் தேனீ வளர்க்கக் கற்றுக் கொடுத்தார். இன்று ரப்பர்த் தோட்டங்களுக்குள் பெட்டி வைத்துப் பிழைப்பவர் எத்தனையோ பேர். நான் ஒரு புட்டி வாங்கினேன். அவள் வாங்கவில்லை; என்னைத் தடுக்கவும் இல்லை. விற்ற அம்மாளின் கை நிறையத் தேனீ கொட்டிய தழும்பு. அவளையும் மறந்துவிட்டுத் தர்மம் பேச முடியாதல்லவா?

சிதறால் குன்றின்மேல் ஒரு குகை. பாறை முகத்தில் பார்சுவநாதரும் மற்றத் தீர்த்தங்கரர்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பின்னாளில் பகவதி கோயிலாக மாறினாலும், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் இது திருச்சாரணத்து மலை, சமணர்களின் புனிதத் தலம். ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி இங்கே தெய்வத்துக்குப் பொன் நகை அளித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது.

"பொன்தான் கொடுத்தாள், பட்டு கொடுக்கவில்லை!" என்று அவள் கைகொட்டினாள்.

தேனும் தொடாதவர்கள் சமணத் துறவிகள். கிழங்கைத் தோண்டினால் மண்ணுக்குள் இருக்கும் உயிர்கள் போகும் என்று அதையும் விட்டவர்கள். ஆனால் திகம்பரத் துறவி கையில் மயிற்பீலி இருக்கும். உட்காருமுன் எறும்பை விலக்க. அது மயில் தானாக உதிர்த்த பீலி. பிடுங்கியது அல்ல.

ஒதுங்கிய கிளிஞ்சல், பழைய தரை, உதிர்ந்த பீலி. அவள் இரண்டு நாளாகச் சொல்லிவந்தது அந்தக் காற்றில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பொருள் எதில் செய்தது என்பது பாதிக் கேள்வி. நான் வாங்குவதால் இன்னும் ஓர் உயிர் வதைபடுமா என்பதே மீதிக் கேள்வி.

ஆச்சியின் பெட்டி

அன்று இரவு பிள்ளை வீட்டில் விருந்து. தீயல், எரிசேரி, துவட்டல், தயிருக்குப் பதில் மாங்காய் போட்ட அவியல், தேங்காய்ப்பால் பிரதமன்.

"நெய் ஊத்தல்லே மக்களே. தேங்காக் கொத்தைத் தேங்காயெண்ணெயிலேதான் வறுத்தேன். பேரன் எல்லாம் சொன்னான்" என்றார் ஆச்சி. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. எல்லாம் என்றால், பட்டுமா?

சாப்பிட்டு முடிந்ததும் ஆச்சி மரப்பெட்டியைத் திறந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு கசவு நேரியல். பாலராமபுரத்துப் பருத்தி நெசவு. தமிழ்ப் பக்கத்திலிருந்து சாலியர்களை வரவழைத்துத் திருவிதாங்கூர் மன்னர் குடியேற்றிய ஊர் அது. அறுபது வருஷத்துக்கு முன் ஆச்சியின் கல்யாணத்துக்கு எடுத்ததாம். பழுத்த சந்தன நிறம், விரலகலத்துக்குப் பொன் கரை.

"எங்க காலத்திலே இதுதான் மங்கலம். பட்டுக்கு ஆரு போனா? நீ இதைக் கெட்டிக்கோ."

நான் பெருமூச்சு விட்டேன். தீர்ந்தது பிரச்னை! ஆனால் என் மருமாள் கரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்: "ஆச்சி, அசல் ஜரிகைக்கு உள்ளே பட்டு நூல்தான் இருக்கும். அதன் மேலேதான் வெள்ளி சுற்றி, முலாம் பூசுவார்கள்."

அறையில் சத்தமே இல்லை. இந்தக் கல்யாணம் ஜரிகைக்குள் இருக்கும் நூலில் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆச்சி கோபிக்கவில்லை. "உள்ளதுதான் மக்களே. ஆனா அந்தப் புழு எனக்காகச் செத்தது. அந்தப் பாவம் எனக்கு. உனக்காக இனி ஒண்ணைக் கொல்லாண்டாம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மயிற்பீலி" என்றேன், வாய்க்குள்ளே. அவள் நேரியலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆச்சியின் காலில் விழுந்தாள்.

ஊர் திரும்பியதும் அண்ணி ஒரு பாட்டம் அழுதாள். பிறகு அந்த நேரியலைக் கையில் எடுத்துப் பார்த்து, "நெசவு நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டாள். தவில் தோலைப் பற்றி இதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் நினைவூட்டப் போவதில்லை.

என் பால் காப்பி நிற்கவில்லை; பொய் சொல்வானேன்? ஆனால் இந்தத் தீபாவளிக்குப் புதுப் பட்டு எடுக்கவில்லை. பீரோவில் இருக்கும் பழைய புடவைகளையே எடுத்து வெயிலில் காயப் போட்டேன். மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், அந்த உடைந்த கிளிஞ்சல் இருக்கிறது.