சக்கரவர்த்தி கொடுத்த சுதந்திரம்

என் தங்கையின் பேத்திக்குப் பதினாறு வயது. அடையாறு காந்தி நகரில் இருக்கிறாள். கொரியத் தொலைக்காட்சித் தொடர்களில் தொடங்கி, அந்நாட்டு வரலாற்றுக்கும் நாவல்களுக்கும் வந்து சேர்ந்தவள். சென்ற கோடை விடுமுறையில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அவள் தரும் புத்தகத்தை நான் படிக்க வேண்டும், நான் தருவதை அவள் படிக்க வேண்டும். நான் கொடுத்தது கல்கியின் ‘பார்த்திபன் கனவு’. அவள் கொடுத்தது, கொரிய-கனடிய எழுத்தாளர் ஜூன் ஹர் இளையோருக்காக ஆங்கிலத்தில் எழுதி 2024இல் வெளிவந்த ‘எ கிரேன் அமங் வுல்வ்ஸ்’. ஓநாய்களுக்கு நடுவே ஒரு நாரை என்று சொல்லலாம்.

கதை நிகழும் ஆண்டு 1506. கொரியாவை ஆள்பவன் யோன்சான். 1494இல் அரியணை ஏறியவன். வேட்டைக்காடு வேண்டுமென்று குடிமக்களின் வீடுகளை இடித்தவன். ஊர் ஊராக ஆளனுப்பிப் பெண்களைக் கவர்ந்தவன். பாமரரும் படிக்கவேண்டும் என்று முன்னோரான செஜோங் மன்னர் உருவாக்கிய எழுத்தில் அவனைக் கண்டித்துச் சுவரொட்டிகள் முளைத்தபோது, 1504இல் அந்த எழுத்தைக் கற்பதையே தடைசெய்தான். நாவடக்கத்தை வலியுறுத்தும் வாசகம் பொறித்த பட்டயத்தை அதிகாரிகள் அணிந்துகொள்ள வேண்டும் என்றும் ஆணையிட்டான். இவையெல்லாம் வரலாறு. நாவலில், அரசனின் ஆட்கள் கொண்டுபோன அக்காவைத் தேடிப் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி கிளம்புகிறாள். அரண்மனையை அவளுடைய அச்சத்தின் வழியாகவும் நாம் பார்க்கிறோம். அதே ஆண்டில் யோன்சான் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, தீவொன்றில் சிறையிருந்து இறந்தான்.

பத்து நாள் கழித்துப் ‘பார்த்திபன் கனவைத்’ திருப்பித் தந்தவள் கேட்டாள்: “தாத்தா, கடைசியில சுதந்திரத்தையும் அந்தச் சக்கரவர்த்தியேதான் குடுக்கறாரா?”

நான் அப்படி யோசித்ததில்லை. பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்த பார்த்திப சோழன் வெண்ணாற்றங்கரைப் போரில் வீழ்கிறான். மகன் விக்கிரமன் கலகம் செய்ய முயன்று நாடு கடத்தப்படுகிறான். சோழநாடு இறுதியில் சுதந்திரம் பெறுகிறது. ஆனால் சிவனடியார் வேடத்தில் வந்து அந்தக் கனவைக் காப்பாற்றியவர், எந்தப் பேரரசிடமிருந்து விடுதலை வேண்டுமோ அந்தப் பேரரசின் தலைவரான நரசிம்ம பல்லவர்தான்.

கல்கிக்காக நான் வாதாடினேன். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். 1941இல் தொடங்கிய தம் பத்திரிகையில், வெள்ளையர் ஆட்சியின்போதே இதைத் தொடராக எழுதினார். உறையூர் என்று படித்தவர்கள் இந்தியா என்று புரிந்துகொண்டிருப்பார்கள் என்றேன்.

“அப்ப வெள்ளைக்காரனே வேஷம் போட்டுட்டு வந்து குடுத்தானா?” என்றாள்.

கல்கியின் நரசிம்மவர்மர் கொடுங்கோலர் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் அதுவே என் சங்கடம். நான் படித்து வளர்ந்த சரித்திரக் கதைகளில் சதிகாரச் சிற்றரசன் உண்டு, நஞ்சு தோய்ந்த கத்தி உண்டு. நம் அரசனே கொடியவனாக இருந்தால் குடிமகன் என்ன செய்வான் என்ற கேள்வி மட்டும் அநேகமாக இல்லை. கொடுங்கோன்மைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவருக்குக் கோயில் கட்டியிருக்கும் மயிலாப்பூரில்தான் நான் பிறந்தேன். அரசவையில் ஏறி நீதி கேட்ட கண்ணகியையும் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். ஆனாலும் பதினான்கு வயதில் என் மனம் இருந்தது குதிரைமேல், இளவரசர்களுக்குப் பின்னால்.

அவளுடைய அடுத்த கேள்விதான் என்னை இதை எழுதவைத்தது. “எமர்ஜென்சி அப்போ நீங்க இங்கதானே இருந்தீங்க? என்ன பண்ணீங்க?”

படித்துக்கொண்டிருந்தேன். 1976இல் எனக்குப் பதினான்கு வயது. ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, மிசாவில் கைதுகள் தொடங்கின. எங்கள் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தவர் கட்சிக்காரர். ஓரிரவு போலீஸார் வந்து அழைத்துப் போனார்கள். மறுநாளிலிருந்து வானொலியின் ஒலி குறைந்தது. பெரியவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினார்கள். கழுத்தில் பட்டயம் அணியச் சொல்லி எங்களுக்கு யாரும் ஆணையிடவில்லை. தேவையும் இருக்கவில்லை.

அம்மா குழம்பு கொடுத்தனுப்புவாள். பின்கட்டுத் திண்ணையில் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். வாடகை நூலகத்திலிருந்து எடுத்துவந்த, பைண்டு செய்த ‘பொன்னியின் செல்வன்’ காத்திருக்கும். தஞ்சைக் கோட்டை நிலவறையில் வந்தியத்தேவன் சிக்கியிருந்தான். அவன் எப்படித் தப்புவான் என்பதுதான் என் கவலை.

அவருடைய மகன் என் வகுப்புத் தோழன். அந்த ஓராண்டில் அவனிடம் அவன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இரண்டாம் பாகம் முடித்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். 1977 தொடக்கத்தில் அவர் திரும்பி வந்தார், மிகவும் மெலிந்து. என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இது கல்கியின் குற்றமன்று. வரலாறு என்பது அரண்மனையில் நடப்பது, பின்கட்டில் நடப்பது வேறெதோ என்று நானாக எடுத்துக்கொண்டேன். கொரியச் சிறுமியின் கதையைப் பதினாறு வயதில் படிக்கும் ஒருத்தி, அந்தப் பின்கட்டை என்னைவிடச் சீக்கிரம் பார்த்துவிடுகிறாள்.

நண்பன் இப்போது தி.நகரில் இருக்கிறான். போன வாரம் தொலைபேசியில் அழைத்து, அவன் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் மௌனமாக இருந்தான். பிறகு, “நேர்ல வா, சொல்றேன்” என்றான்.